வழிகாட்டும் பலகை

ஒருவர் வில்லியனூரில் ஓர் அலுவலகத்தைத் தேடி வருகிறார் எனக் கொள்வோம். கதவிலே, 'இவ்வலுவலகம் பாகூருக்கு மாற்றப்பட்டுள்ளது' என்னும் பலகை தொங்குகிறது. பலகை அவரைச் சுமந்து செல்வதில்லை. வழியை மட்டும் கூறுகிறது. பாகூருக்குச் செல்பவர் அவரே. இணையத்தில் பக்கங்கள் இடம் மாறும்போதும் இவ்வாறே நிகழ்கிறது.

நாம் கேட்கும் பக்கத்தை, உலாவி என்னும் செயலி, வழங்கி என்னும் தொலைக் கணினியிடம் கேட்கிறது. பக்கம் இடம் மாறியிருப்பின், வழங்கி ஓர் எண்ணையும் புதிய முகவரியையும் விடையாக அளிக்கிறது. உலாவி அம்முகவரிக்கு மீண்டும் செல்கிறது. 301 என்னும் எண் நிலையான மாற்றத்தைக் குறிக்கும். 302 தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும். 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி, புதுச்சேரி எனப் பெயர் பெற்றது. அத்தகைய மாற்றத்தால் ஒரு பக்கத்தின் முகவரி மாறினால், அதற்கு ஏற்றது 301 ஆகும்.

இதில் நேரும் பிழைகள் மூன்று. பாகூரில் உள்ள பலகை, 'வில்லியனூருக்குச் செல்க' என்று கூறினால் வந்தவர் கதி யாது? அலைந்துகொண்டே இருப்பார் அன்றோ? உள்நுழையாதவரை நுழைவுப் பக்கத்திற்கு அனுப்பும் விதியை, அந்நுழைவுப் பக்கத்திற்கும் பொருத்திவிட்டால் இந்நிலையே உண்டாகும். இன்றைய உலாவிகள் ஏறத்தாழ 20 முறை சுற்றியபின் நின்றுவிடுகின்றன.

இரண்டாவது, பலகை வாயிலில் இருத்தல் வேண்டும். புதிய முகவரி, பக்கத்தின் உள்ளடக்கத்திற்கு முன் செல்லும் தலைப்புப் பகுதியில் அனுப்பப்படுகிறது. பிஎச்பி மொழியில் எழுதிய நிரலிலிருந்து ஒரு வெற்றிடம் முந்திச் சென்றுவிட்டாலும், அதன்பின் வழிமாற்றம் செய்ய இயலாது.

மூன்றாவது, 301 என்னும் விடையை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும். ஆதலின் வழங்கியில் பிழையைத் திருத்திய பின்னரும், அது பழைய தவறான வழியிலேயே செல்லலாம். உலாவியின் நினைவை அழித்துவிட்டுச் சோதித்தல் வேண்டும்.

பிழை கண்டவுடன் நிரல் முழுவதையும் மாற்ற முற்படுதல் கூடாது. ஒவ்வொரு படியிலும் வழங்கி அளித்த எண் யாது, முகவரி யாது என முறையாக நோக்குதல் வேண்டும். வழி எங்கே முதலில் தவறியதோ அங்கேதான் பிழை உள்ளது. அப்பக்கத்தைத் தேடி வருபவர், இறுதி நாளன்று விண்ணப்பம் அனுப்ப வந்த ஒரு மாணவராக இருக்கலாம். அவரை அலையவிடாமல் உரிய இடத்தில் சேர்ப்பதே நிரல் எழுதுவோரின் கடமையாகும்.