சிக்காகோவும் வன்னிக் காடும்

1897ஆம் ஆண்டு சனவரி மாதம். மாத்தளைவரை புகையிரதத்தில் வந்த சுவாமி விவேகானந்தர், யாழ்ப்பாணம் செல்ல வண்டியேறினார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சில்லொன்று நொறுங்கிற்று. வழியிற் காத்திருந்து, மாட்டுவண்டியிலேயே அநுராதபுரம் போய்ச் சேர்ந்தார். பின்னர் வவுனியா மக்கள் அளித்த வரவேற்பிதழை ஏற்றுச் சில சொற்கள் கூறிவிட்டு, காட்டினூடே வடக்கே சென்றார். அந்நாளில் வன்னிக்கு இருப்புப்பாதை இல்லை. அது 1905இலேயே வந்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் அவர் கண்ட சிக்காகோவையும் இக்காட்டையும் ஒருங்கே நினைத்துப் பாருங்கள். 1850இல் ஏறத்தாழ 30,000 மக்களே வாழ்ந்த அவ்வூர், 1890இல் 11 இலட்சத்தை எட்டிவிட்டது. உருக்காலைகளும் இறைச்சிச் சாலைகளும் புகை கக்கின. எஃகுச் சட்டங்களின்மேல் மாடங்கள் அடுக்கடுக்காய் எழுந்தன. ஐரோப்பியச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகளின் உழைப்பே அந்நகரை ஆக்கியது. 1893ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியில் மின்விளக்குகள் இரவைப் பகலாக்கின. அங்கே இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. வந்தவர்கள் இலங்கைத் தேநீரைச் சுவைத்தனர்.

அத்தேயிலையைக் கொய்தோர் எவ்வழியாக இந்நாட்டுக்கு வந்தனர்?

பூவரசங்குளத்திலிருந்து மேற்கே செல்லும் வீதி, பறையனாலங்குளத்தில் மன்னார்–மதவாச்சி வீதியோடு சேருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'வடபாதை' எனப்பட்டது அத்தடமே. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் வறுமைக்கு ஆற்றாதோர் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, கங்காணியின் பின்னே மாத்தளைவரை 150 மைலுக்கு மேல் நடந்தனர். குடிக்கத் தக்க நீரில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் உடன்வந்தன. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டனரெனக் கொழும்புப் பத்திரிகையொன்று 1849இற் கணக்கிட்டது. ஆய்வாளர் சிலர் அத்தொகையை மிகையென்பர். அதிற் பாதியென்றாலும் நெஞ்சு பதறுகிறது.

கோப்பிக் காலத்தில் பறிப்புப் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பெண்களின் கைகளும் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் வேரூன்றின. வந்துபோனவர்கள் குடிகளான கதை இதுதான். வடபாதை 1899இல் அடைக்கப்பட்டு, தூத்துக்குடிக் கடல்வழியே முதன்மை பெற்றது.

அமெரிக்கத் தொழிலாளி சொர்க்கத்தில் வாழ்ந்தானென நான் சொல்லவில்லை. எட்டுமணி நேர வேலை கேட்ட 1886ஆம் ஆண்டுப் போராட்டத்தின் முடிவில் சிக்காகோவில் நால்வர் தூக்கிலேறினர். இருப்புப்பாதை போட்ட சீனருக்கோ 1882ஆம் ஆண்டுச் சட்டம் வாயிலையே அடைத்தது. ஆயினும் ஐரோப்பியக் குடியேறியின் மகன் பள்ளி சென்றான், வாக்களித்தான், நகரசபையில் அமர்ந்தான். நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளியின் பேரனிடமிருந்தோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. தேயிலை ஏற்றுமதியால் நாடு பொருளீட்டிக்கொண்டிருந்த காலம் அது!

வரலாறு பின்னும் ஒருமுறை அவர்களை வன்னிக்கு அழைத்தது. 1958, 1977 கலவரங்களில் உடைமை இழந்த மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து தங்கின. காந்தியம் இயக்கம் அவர்களிற் பலரைக் குடியமர்த்தியது. பூட்டன் அஞ்சி அஞ்சிக் கடந்த காட்டை வெட்டி, பூட்டப்பிள்ளைகள் கிணறு தோண்டினர்.

2023ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள், மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மீண்டும் நடக்கத் தொடங்கினர். முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் நடை அது. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று பழைய தடம் பற்றி, ஆகத்து 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். இம்முறை வழியில் தண்ணீர் கொடுக்க ஊரார் நின்றார்கள்.