மவுஸ் ஓடுது... கிளிக் மட்டும் ஆகலையா? மானிட்டரை மாற்ற அவசரப்படாதீங்க!

காரியாபட்டி:
வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட இன்றுதான் கடைசி நாள். போட்டோ, சான்றிதழ் எல்லாம் ஏற்றியாச்சு. கடைசியில் வலது பக்க மூலையில் இருக்கும் 'சமர்ப்பி' பட்டனை அமுக்கினால் அசைய மாட்டேங்குது. மவுஸ் அம்பு அங்கே போகுது, வருது. திரையில் மற்ற இடமெல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது. அந்த கையகல இடம் மட்டும் செத்துக் கிடக்குது.

காரியாபட்டி நெட் சென்டராக இருந்தாலும் சரி, வீட்டு லேப்டாப்பாக இருந்தாலும் சரி, இந்தத் தலைவலி எங்கேயும் வரலாம். "மானிட்டர் போச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.

மானிட்டர் மேல் பழி

சாதாரண மானிட்டரின் வேலை படம் காட்டுவது மட்டும்தான். மவுஸ் கிளிக் மானிட்டருக்குப் போவதே இல்லை. நேராக கம்ப்யூட்டருக்குத்தான் போகிறது. மவுஸ் பட்டன் கெட்டிருந்தால் எல்லா இடத்திலும் கெட்டிருக்கும். ஓர் இடத்தில் மட்டும் கிளிக் ஆகவில்லை என்றால் சந்தேகம் சாப்ட்வேர் மேல்தான்.

விரலால் தொடும் டச் ஸ்கிரீன் என்றால் ஒரு மவுஸை மாட்டிப் பாருங்கள். மவுஸ் வேலை செய்து, விரல் மட்டும் வேலை செய்யாவிட்டால் கண்ணாடியில் கோளாறு இருக்கலாம். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் சாப்ட்வேரைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத திரை

சிவகாசி பட்டாசு கிப்ட் பாக்சை கண்ணாடி பேப்பர் சுற்றி விற்பார்கள். உள்ளே இருக்கும் வெடி எல்லாம் தெரியும், கையை விட்டால் படாது. இங்கேயும் அதே கதைதான்.

ஸ்கிரீன் ரெக்கார்டர், சாட் அறிவிப்பு, வீடியோ கால், விளையாட்டு சாப்ட்வேர் போன்றவை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன ஜன்னலைத் திறக்கும். வேலை முடிந்ததும் படம் மறைந்துவிடும். ஜன்னல் மட்டும் சில நேரம் மூடாமல் நின்றுவிடும். நீங்கள் அமுக்கும் கிளிக்கை எல்லாம் அதுவே விழுங்கிக் கொள்ளும்.

அவசரத்துக்கு என்ன வழி?

விண்ணப்பம் திறந்திருக்கும் ஜன்னலை மேல் பட்டையில் பிடித்து வேறு பக்கம் இழுங்கள். இப்போது பட்டன் வேலை செய்தால் கண்டுபிடித்தாச்சு, மூடி இருப்பது அந்த இடம்தான். எங்கே இழுத்தாலும் பட்டன் அசையவில்லை என்றால் கோளாறு அந்த விண்ணப்பப் பக்கத்தில் இருக்கலாம்.

மவுசே இல்லாமலும் முடிக்கலாம். 'டேப்' கீயைத் தட்டித் தட்டி பட்டனுக்குப் போய் 'என்டர்' தட்டுங்கள்.

திருடனைப் பிடிப்பது எப்படி?

முதலில் செய்த வேலையை சேமித்துக் கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். பின்னணியில் ஓடும் சாப்ட்வேர்களின் பட்டியல் அதில் இருக்கும். மேலே சொன்ன வகை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் கிளிக் செய்து பாருங்கள். எதை நிறுத்தியதும் உயிர் வருகிறதோ, அதுதான் திருடன். பெயர் தெரியாத விண்டோஸ் புரோகிராம்களில் கை வைக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் சரியாகும். ஆனால் அந்த சாப்ட்வேர் தானாகவே மறுபடி ஓடினால் தொல்லையும் திரும்பி வரும். அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய் அதை 'டிசேபிள்' செய்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் இந்த வசதி இருக்கிறது.

செல்போனிலும் உஷார்

ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு ஆப் மேல் இன்னொரு ஆப் இப்படி உட்கார முடியும். இதை வைத்து மோசடி செய்ய முடியும் என்று அமெரிக்க பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் செய்து காட்டினார்கள். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-ல் பாதுகாப்பு கூட்டப்பட்டது. ஆனாலும் செட்டிங்சில் 'மற்ற ஆப்கள் மேல் காட்டு' என்ற அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று பார்த்து, தெரியாத ஆப்புக்கு இருந்தால் ரத்து செய்யுங்கள்.

இத்தனைக்கும் பைசா செலவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.