நம் நாட்டுப் புள்ளும் மாவும்

பண்டைத் தமிழாசிரியர் ஒரு நிலத்தின் இயல்பைக் கூறப் புகுந்த காலத்து, அந்நிலத்து மக்களையும் அவர்தம் தொழிலையும் மாத்திரம் கூறி அமைந்தாரல்லர். அங்கு வாழும் மாவையும் புள்ளையும் மரத்தையும் உடன் வைத்துக் கருப்பொருள் எனப் பெயரிட்டனர். தொல்காப்பியம் காட்டும் இப்பகுப்பு செய்யுளின் பொருட்டு ஏற்பட்டதாயினும், உயிர்நூல் வல்லார் இந்நாளிற் கூறும் உண்மையொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. உயிரை அது வாழும் நிலத்தினின்றும் பிரித்தறிதல் இயலாது; ஓருயிரைக் காக்க விழைவோர் அதன் நிலத்தை முதற்கண் அறிதல் வேண்டும் என்பதே அவ்வுண்மை.

நம் மாணவருட் பலர் ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் ஆஸ்திரேலியக் கங்காருவையும் படங்களிற் கண்டு நன்கறிவர். தம் ஊரேரியில் நிற்கும் நாரை இன்னதெனக் கேட்பின் விடையின்றி நிற்பர். ஆதலின், ஏரியொன்று, கடற்கரையொன்று, நகர் நடுவே அமைந்த காடொன்று ஆகிய மூன்றினையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் வாழும் உயிர்களைப் பற்றிச் சில கூறுவோம். இம்மூன்றும் சென்னையிலிருப்போர் ஒரே நாளிற் சென்று மீளத்தக்க இடங்களே.

ஏரி

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி அளவிற் சிறியது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. வடகிழக்குப் பருவமழையால் அது நிரம்பியதும், நீரினுள்ளே நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்றலால் நரி முதலியவை கூட்டை அணுகுதல் அரிது. நீர் வற்றின் அவ்வரண் நீங்கும். ஆகவே, மழை பொய்த்த ஆண்டில் பறவைகளும் குறைகின்றன.

இப்பறவைகள் யாவும் கடல் கடந்து வந்த விருந்தினர் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. இங்குக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியன நம் நாட்டுக் குடிகளே. வட ஆசியாவினின்றும் குளிர்காலத்து வருவன ஊசிவால் வாத்து முதலிய சிலவே. அவை இங்கு முட்டையிடுவதில்லை. கோடை தொடங்குமுன் மீண்டு விடுகின்றன.

ஒவ்வொன்றின் அலகும் அதன் உணவைத் தெரிவிக்கும். நத்தைகுத்தியின் ஈரலகும் நடுவிற் பொருந்தாது இடைவெளி விட்டு நிற்கும். வயல்களிலுள்ள நத்தையின் ஓட்டினின்றும் தசையை வாங்குதற்கு அவ்வலகு ஏற்றது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இருமருங்கும் வீசி இரை தேடும். பாம்புத்தாரா உடலை நீருள் மறைத்துக் கழுத்தை மாத்திரம் பாம்பெனக் காட்டி நீந்தி, கூரிய அலகால் மீனைக் குத்தும். இங்ஙனம் இரையும் முறையும் வேறுபடுதலால், பல இனங்கள் ஒரே மரத்தில் நெருங்கி வாழ்தல் கூடுகின்றது.

வேடந்தாங்கலின் பெருமை பறவைகளால் மாத்திரம் ஏற்பட்டதன்று. துப்பாக்கி ஏந்தி வேட்டையாட வந்தோரை எதிர்த்து அவ்வூரார் முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சித் தலைவராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் பறவைகளைக் காக்கும் உரிமையைப் பெற்றனர். அவர்க்கு இதில் ஊதியமும் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. அன்பும் பயனும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையால், சட்டம் வருமுன்னரே இக்காவல் நிலைத்தது. 2022 ஆம் ஆண்டில் இவ்வேரி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களை வகுக்கும் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது.

எனினும் ஏரிக்கரையோடு காவல் முடிந்துவிடுவதன்று. பறவைகள் துயில்வதும் குஞ்சு வளர்ப்பதும் ஏரியில். இரை கொள்வதோ சுற்றுப்புறத்து வயல்களிலும் குளங்களிலும். சரணாலயத்தின் எல்லை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை பரந்திருப்பதன் நோக்கம் இதனால் விளங்கும். 2020 ஆம் ஆண்டில் அதனை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் கருத்து எழுந்தபோது பலர் அஞ்சி எதிர்த்ததும் இதுபற்றியே. உண்கலத்தைப் பறித்துக்கொண்டு படுக்கையை மாத்திரம் விட்டுவைப்பது விருந்தோம்பல் ஆகுமா?

கடற்கரை

இனி நெய்தற் கரைக்குச் செல்வோம். ஜனவரி முதல் மார்ச்சு வரையுள்ள இரவுகளில் பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் ஏறுகின்றன. தாயாமை பின்கால்களால் மணலிற் குழி தோண்டி, நூறு முட்டையளவில் இட்டு மூடிக் கடலுக்கு மீளும். பின்னர்த் தன் மக்களைக் காண வருவதில்லை. வெயிலேற்ற மணலே செவிலியாகின்றது. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிப்படும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகத் தோன்றுதல் வியத்தற்குரியது.

இரவில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமுள்ள திசையை நோக்கி ஊரும். இருண்ட கரையினும் கடற்புறத்து வானம் ஒளியுடையது. பல்லாயிரம் தலைமுறையாக அவ்வொளியே அவற்றிற்கு வழிகாட்டி. இன்று சாலை விளக்குகள் அதனினும் மிக ஒளிர்தலால், குஞ்சுகள் கடலை விட்டு ஊரை நோக்கிச் சென்று அழிகின்றன. இதனைத் தடுக்கும் பொருட்டு மாணவர் கூடி அமைத்த குழுவொன்று 1988 ஆம் ஆண்டு முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளைச் சேர்த்து வேலியிட்ட இடத்திற் புதைத்துக் காத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றது. கல்லூரி மாணவரால் யாது செய்ய இயலும் என்பார்க்கு இஃது ஏற்ற விடையாகும்.

ஆயினும் கரையிற் காத்தது கடலில் இழக்கப்படுகின்றது. ஆமை நீரில் வாழினும் மேலே வந்து காற்றை உட்கொள்ள வேண்டிய உயிர்; இழுவலையிற் சிக்கின் மூச்சு முட்டி மாளும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகளின் உடல்கள் இக்கரையில் ஒதுங்கின. கரையை அடுத்த 5 கடல்மைலுக்குள் இழுவலைப் படகுகள் மீன் பிடித்தலாகாது என்னும் விதி உண்டு. விதி ஏட்டில் இருப்பின் போதாது. கடலிலும் இருத்தல் வேண்டும்.

காடு

மூன்றாவது, சென்னை நகரின் நடுவிலுள்ள கிண்டி தேசியப் பூங்கா. முன்னர் ஆளுநர் மாளிகையைச் சார்ந்திருந்த இப்பகுதி 1978 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 2.7 சதுர கிலோமீட்டரே. இங்குப் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. வெளிமானையே பழந்தமிழர் இரலை என்றனர் என்பர். முதிர்ந்த ஆண் கரிய மேனியும் முறுக்கிய கொம்பும் உடையது; பெண் வெளிறிய பழுப்பு நிறத்தது.

இரண்டும் மானினமே என்று ஒருங்கே எண்ணுவோர் தவறுவர். புள்ளிமான் மரநிழலை நாடும். ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் கிளைக்கொம்பு உடையது. வெளிமானோ பெயருக்கேற்ப வெட்டவெளியை விரும்பும். பகையைத் தொலைவிற் கண்டு விரைந்தோடுதலே அதற்குக் காவல். புதர் மண்டி வெளி மறைந்தால் அதன் கண்ணும் காலும் பயனற்றுப் போம். மரம் நடுதல் எங்கும் அறமே என்று கொள்ளும் நமக்கு இது புதுமையாகத் தோன்றும். வெளிமானுக்கு வேண்டுவது புல்வெளி; அங்கு மரத்தைப் பெருக்குவோர் நன்மை கருதியே தீமை செய்வர். வெளிமானைக் காக்க 1967 ஆம் ஆண்டில் ஏற்பட்ட கோடிக்கரைச் சரணாலயத்திலும் சீமைக் கருவேல் பரவிப் புல்வெளியைச் சுருக்குதலே பெருங்கவலையாக உள்ளது.

முடிவுரை

இம்மூன்றாலும் பெறப்படுவது யாது? நாரைக்கு நீரும் அயல் வயலும் வேண்டும். ஆமைக்கு இருள் வேண்டும். வெளிமானுக்கு வெளி வேண்டும். இன்னதற்கு இன்னது வேண்டுமென அறியாத அன்பு காவலாகாது.

மாணவ நண்பர்களே! விடியற்காலையில், பகட்டில்லாத நிறத்து உடையணிந்து, ஓசையின்றிச் சென்று காணுங்கள். கூட்டை அணுகாதீர்கள், மானுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள், ஆமை ஏறும் கரையில் விளக்கடிக்காதீர்கள். கண்டதைக் கண்ட நாளோடும் இடத்தோடும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டுக் குறிப்புச் சிறிதெனினும், பத்தாண்டுக் குறிப்பு ஓர் ஏரியின் வரலாறாகும். சங்கீதக்காரன் தெய்வப் படைப்பைப் போற்றிய காலத்து நாரையின் வீட்டையும் மறந்தானல்லன். அவ்வீடு நம் ஊரேரியில் இன்றும் உள்ளதா என்று பார்த்து வருதல் நம் கல்வியின் ஒரு பகுதியாகுக.