பனியும் பத்திரமும்

நியூயார்க் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 30 மைல் சென்றால், லாங் ஐலண்ட் என்னும் நீண்ட தீவின் நடுவே லெவிட் டவுன் என்ற ஊரைக் காண்கிறோம். ஆதியில் இது மரங்கள் அருகிய புல்வெளி. பூர்வ காலத்துப் பனிப்பாறைகள் உருகி ஓடியபோது மணலும் கூழாங்கல்லும் பரந்து உண்டான சமநிலம். பிற்காலத்தில் உருளைக்கிழங்குத் தோட்டமாயிற்று. பயிரின் வேரில் புழுநோய் கண்டு விவசாயிகள் சோர்ந்திருந்த சமயத்தில், லெவிட் கம்பெனியார் நிலங்களை வாங்கினர். 1947-ம் வருஷம் முதல் 1951 வரையில் அங்கே எழுந்த வீடுகள் 17,447!

அவ்வூரின் சீதோஷ்ணத்தைச் சற்றுக் கவனிப்போம். தீவின் வடக்கிலும் தெற்கிலும் கடல். ஜூலையில் வெயிலும் புழுக்கமும் நம்மவர்க்குப் பழகியவையே. ஜனவரி இரவுகளிலோ நீர் உறைந்துவிடும். வடகிழக்குக் காற்று நமக்கு ஐப்பசி மழையைத் தருகிறது. அவர்களுக்கு அத்திசைக் காற்றோடு வரும் புயல் பனியை வாரிக் கொட்டுகிறது. முதற் குடிகள் வந்து மூன்று மாதம் நிரம்பு முன்பே, 1947 டிசம்பர் 26-ந் தேதி, நியூயார்க் நகரில் 26 அங்குலப் பனி விழுந்தது. இத்தகைய குளிருக்காக, வீட்டின் கான்கிரீட் தளத்துக்குள் செப்புக் குழாய்களைப் பதித்து வெந்நீரை ஓடவிட்டிருந்தார்கள். காலடியிலேயே கதகதப்பு!

அந்தக் கதகதப்பு யாருக்கு? யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு என்றார்கள். ஆனால் வெள்ளை இனத்தாரன்றி வேறெவரும் குடியிருக்கலாகாது என்று ஆரம்பகாலக் குடிக்கூலிப் பத்திரத்தில் கண்டிருந்தது. வேற்றினத்தார் வேலைக்காரராக இருக்கலாம் என்ற சலுகையும் அதிலேயே இருந்தது! இத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமல் நடத்தக் கூடாதென்று 1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பின்னர் அந்த வரி பத்திரத்திலிருந்து மறைந்தும், கறுப்பு இனத்தாருக்கு வீடு கொடுக்கக் கம்பெனியார் இசையவில்லை. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனபேதம் கூடாதென்ற தேசச் சட்டம் 1968-ல்தான் பிறந்தது. இன்றும் அவ்வூரில் கறுப்பு இனத்தாரின் தொகை மிகச் சொற்பம்.

1949-ல் அங்கே ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். இன்று பல லட்சம் டாலர். அன்று இடம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது குடும்பச் சொத்தாக வளர்ந்தது. அதே யுத்தத்தில் பணிபுரிந்த கறுப்புச் சிப்பாயின் சந்ததிக்கு அப்பாக்கியம் இல்லை. தீர்ப்புக்குப் பின் சட்டம் வர இருபது வருஷம் பிடித்தது. அந்த ஒரு வரியின் பலன் ஒழிய எத்தனை தலைமுறை பிடிக்குமோ!