எழுத இயலாதவரும் பேசலாம்: முதியோர் கல்விக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

முதியோர் கல்வி வேண்டுமென்று அரசிடம் கேட்க வேண்டியவர் யார்? எழுத்தறியாதவரும் படிப்பைப் பாதியில் விட்டவருமே. ஆனால் அவ்வேண்டுகோளை எழுத்துவடிவில் தருமாறு நாம் கேட்கிறோம். எனவே பிறர் எழுதிய மனுவில் அவர்கள் கைந்நாட்டு மட்டும் இடுகின்றனர். தொலைபேசியிலோ அவர்கள் தம் தேவையைத் தாமே சொல்லலாம்.

குரலின் ஆற்றலைக் கெடாத் தோட்டங்கள் முன்பே அறிந்தவை. 1946, 1947ஆம் ஆண்டுகளில், பீடோங் அருகிலுள்ள ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொழிலாளரை ஒன்றுதிரட்டியது. அன்று அவர்களுக்கு வாக்குரிமை இல்லை; இன்று உண்டு.

யாரை அழைப்பது என்பதே முதல் வினா. கெடாவில் 15 நாடாளுமன்றத் தொகுதிகளும் 36 சட்டமன்றத் தொகுதிகளும் உள்ளன. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசுக்கு உரியது. நிலம் மாநிலத்துக்கு உரியது. ஆதலால் வகுப்பு, ஆசிரியர், நிதி ஆகியவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரை அழைக்க வேண்டும். அவர் மக்களவையில் வினா எழுப்பலாம். வரவு செலவுத் திட்ட விவாதத்திலும் பேசலாம். வகுப்புக் கட்டடத்துக்கு நிலம் வேண்டுமெனில் சட்டமன்ற உறுப்பினரை நாடலாம்.

வேண்டுகோள் ஒன்றாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். "கல்விக்கு உதவுங்கள்" என்றால் "ஆகட்டும்" என்ற விடையே கிட்டும். மாறாக, "வணக்கம். நான் சுங்கைப்பட்டாணித் தொகுதி வாக்காளர். எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு பேர் படிக்க விரும்புகிறோம். பால்வெட்டு முடிந்த பின் மாலையில்தான் எங்களுக்கு நேரம். சமூகக் கல்லூரியின் குறுகியகாலப் பயிற்சியை எங்கள் மண்டபத்தில் நடத்த ஏற்பாடு செய்வீர்களா?" என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறியாக வேண்டும்.

பெரும்பாலும் சேவை மையத்து அலுவலரே அழைப்பை எடுப்பார். அவர் பெயரையும் நாளையும் குறித்துக்கொண்டு, எப்போது விடை கிடைக்கும் என்று கேட்டு, அந்நாளில் மீண்டும் அழைக்க வேண்டும். அலுவலர் மலாய்மொழியில் பேசக்கூடும். ஆதலின் இவ்வாக்கியங்களை இருமொழியிலும் முன்னரே பழகுதல் நன்று. அப்பயிற்சியே அவர்களின் முதற்பாடமாகும்.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. எண்ணைத் தேடித் தாருங்கள்; அருகில் அமருங்கள். ஆனால் தொலைபேசியை வாங்கி நீங்களே பேசிவிடாதீர்கள். கற்க விழைபவரின் குரல் தடுமாறினாலும், கேட்கப்பட வேண்டியது அக்குரலே.