மருந்து பில்லைக் குறைக்கப் போய் நான் பண்ண 14,200 ரூபாய் தப்பு

மாச பட்ஜெட்ல எதை வெட்டலாம்னு நம்ம சேனல்ல எத்தனையோ தடவை பேசியிருக்கோம். இந்தக் கதையை மட்டும் வீடியோவுல சொல்ல வாய் வரல. அதனால எழுதுறேன்.

எங்க வீடு புளியந்தோப்பு. அப்பாவுக்கு பத்து வருஷமா டைப் 2 சர்க்கரை நோய், மாத்திரைலதான் ஓடுது. நான் வேலைக்குப் போனதுல இருந்து மருந்து பில் என் கணக்கு. மாசம் 1,600 ரூபாய். 2025 பிப்ரவரி 24 அன்னைக்கு தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்துச்சு. ஜெனரிக் மருந்து, விலை கம்மி. டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கினேன். பில் 700 ரூபாய்க்கு வந்துடுச்சு! மாசம் 900 மிச்சம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல போட்டேன், அவ்ளோ பெருமை.

ஒண்ணை மட்டும் கவனிக்கல. வீட்டு டப்பாவுல பழைய பிராண்ட் அட்டை பாதி மிச்சம் இருந்துச்சு. பேரும் வேற, அட்டை நிறமும் வேற. டாக்டர் புதுசா ஏதோ சேர்த்திருக்காருன்னு நெனச்சு அப்பா ரெண்டையும் போட்டுட்டாரு. ரெண்டுலயும் இருந்தது ஒரே மருந்துதான்: கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது. அன்னைக்கு ராத்திரி அவர் சரியா சாப்பிடவும் இல்ல.

நான் நைட் ஷிஃப்ட்ல இருந்தேன். அம்மா போன்: "டேய், சீக்கிரம் வாடா. உங்கப்பாவுக்கு சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு, பேச்சு குழறுது." பக்கத்து வீட்டு அண்ணன் குளுக்கோமீட்டர்ல பார்த்தா 48. 70-க்குக் கீழ போனாலே தாழ் சர்க்கரைதான். அப்பாவுக்கு நினைவு இருந்ததால சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டு ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினாங்க. நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். 108-ஐ கூப்பிடணும்.

ஒருதரம் ஏறின சர்க்கரை மறுபடி இறங்கலாம், ஏன்னா கிளிமிபிரைடு ரொம்ப நேரம் உடம்புல வேலை செய்யும். அதனால ஒன்றரை நாள் வச்சுப் பார்த்துதான் விட்டாங்க. பில் 14,200. என் மிச்சக் கணக்குப்படி கிட்டத்தட்ட 16 மாசம்!

இதைப் படிச்சுட்டு ஜெனரிக் மோசம்னு முடிவு பண்ணிடாதீங்க. அப்பா இப்பவும் அதேதான் சாப்பிடுறாரு. தப்பு எங்கன்னா, நான் பிராண்ட் பேரைத்தான் பார்த்தேன், அட்டையில சின்ன எழுத்துல இருக்கிற மூலப்பொருள் பேரையும் மில்லிகிராமையும் பார்க்கல. மருந்து மாத்தினா அது ரெண்டும் சீட்டோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, பழைய அட்டையை அன்னைக்கே டப்பாவுல இருந்து எடுத்துடுங்க.

கிளிமிபிரைடு போட்டா சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. வெறும் வயித்துல சரக்கு அடிச்சா இன்னும் ஆபத்து. ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடக்கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் தனியா இருந்தா சர்க்கரை இந்த அளவுக்கு இறங்குறது அபூர்வம். சாப்பாட்டோட போட்டா வயித்துப் பிரச்சனையும் குறையும். 'எஸ்ஆர்'னு போட்டிருக்கிற மாத்திரையைப் பொடிச்சோ மென்னோ சாப்பிடக் கூடாது. வருஷக்கணக்கா எடுக்கிறவங்களுக்கு பி12 குறையலாம். கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட்டை வருஷம் ஒரு தடவையாவது பாருங்க. வாந்தி, பேதின்னா டாக்டருக்கு போன் போட்டுக் கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

சரி, நம்ம ஏரியா விஷயத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே இலவசமா வருது. பக்கத்துல இருக்கிற அரசு நகர்ப்புற சுகாதார நிலையத்துல கேளுங்க. அப்பா அம்மாவுக்கு 60 வயசு தாண்டி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லாம இருந்தா, நீங்க கட்டுற மருத்துவச் செலவை பழைய வரி முறையில 50,000 ரூபாய் வரைக்கும் காட்டலாம். ஆனா ரொக்கமா குடுத்தா செல்லாது, யுபிஐல கட்டி பில்லை வச்சுக்கோங்க. புதுசா பாலிசி எடுத்தா சர்க்கரையை மறைக்காதீங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம்தான், மறைச்சது தெரிஞ்சா கிளெய்மே போயிடும்.

எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல இப்ப ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு: மருந்து பேர், மில்லிகிராம், எந்த வேளை. அம்மா கையெழுத்து. புது அட்டை வாங்கிட்டு வந்தா முதல்ல அந்தப் பேப்பர்கிட்ட வச்சு அவங்க ஒத்துப் பார்ப்பாங்க, அப்புறம்தான் டப்பாவுக்குள்ள போகும். என்கிட்ட கேக்கறது இல்ல.