இரண்டு பெட்டி, ஒரு பிக்கப்

சின்ன வண்டிகளின் கதை – 11

கோவை கணபதியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு பக்கம் ஃபவுண்டரி, எதிரே லேத் பட்டறை. நடுவில் வார்ப்புகளை ஏற்றிக்கொண்டு நிற்கும் குட்டி யானை. 2005-இல் வந்த டாடா ஏஸுக்குத் தமிழ்நாடு வைத்த செல்லப்பெயர் அது. அந்த வண்டியின் கொள்ளுத்தாத்தாக்களை ஒரு சாண் நீளத்தில் பிளாஸ்டிக்கில் கட்டுபவர்களைப் பற்றியது இந்த வாரம். அவர்கள் ஒரே கிட்டோடு நிற்பதில்லை. ஒரு பெட்டியிலிருந்து கேபின், இன்னொன்றிலிருந்து சேஸிஸ், மூன்றாவதிலிருந்து என்ஜின் என்று சேர்த்து, எந்தக் கம்பெனியும் விற்காத ஒரு வண்டியை உருவாக்குகிறார்கள். இதற்கு கிட்பேஷிங் என்று பெயர்.

இதை ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் பிக்கப்பின் பிறப்பைப் பார்க்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி 1925 ஏப்ரலில்தான் மாடல் டி காரைத் தானே பிக்கப்பாக்கி 281 டாலருக்கு விற்றது. அதற்கு முன்பு விவசாயிகள் காரை வாங்கி, பின்பாதியைக் கழற்றி, உள்ளூர் தச்சரிடம் மரப்பெட்டி அடித்துப் பொருத்திக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் கதை இதேதான். 1932-இல் ஒரு விவசாயியின் மனைவி அங்கிருந்த ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று. லூயிஸ் பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் காரின் முன்பக்கத்தையும் சரக்கு வண்டியின் பின்பக்கத்தையும் ஒரே உடம்பாக்கினார். 1934-இல் அது விற்பனைக்கு வந்தது. அசல் பிக்கப்பே ஒட்டுமாங்கனிதான்.

கோவைக்கு இந்தப் புத்தி புதிதல்ல. ஜி.டி.நாயுடு இளவயதில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து 300 ரூபாய்க்கு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டிப் பெருமைப்படுவதற்கு முன் அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஓடிய அவரது பஸ்ஸுக்கும், பின்னால் வந்த தொழில்களுக்கும் தொடக்கம் அந்தப் பிரித்துப் பார்க்கும் ஆசைதான்.

ஆனால் பிரிப்பது எளிது. இரண்டு வேறு பெட்டிகளைச் சேர்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது, அந்தச் சிக்கலின் பெயர் நான்கு சதவீதம்.

அமெரிக்காவின் ஏஎம்டி கம்பெனி தன் கார் கிட்டுகளை 1/25 அளவில் செய்தது. இன்னொரு கம்பெனியான மோனோகிராம் பெரும்பாலும் 1/24-ஐப் பிடித்துக்கொண்டது. எண்ணில் ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். 1950 செவ்ரோலே 3100 பிக்கப்பின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரையுள்ள தூரம், 116 அங்குலம். 1/25-இல் அது சுமார் 118 மில்லிமீட்டர். 1/24-இல் ஏறக்குறைய 123. ஐந்து மில்லிமீட்டர், அதாவது அந்த நான்கு சதவீதம், இடிக்கும். கேபின் ஒரு அளவு, பின்னால் சரக்குப் பெட்டி இன்னொரு அளவு என்றால், அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி போலத் தெரியும்.

கணபதிப் பட்டறைகளில் வார்ப்பு அச்சுக்கான பேட்டர்னை மரத்தில் செய்கிறவருக்கு இது விளக்கவே வேண்டாத விஷயம். உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்கும். அலுமினியம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே, சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துக் கோடு போட்ட தனி ஸ்கேல் இருக்கிறது. ஒரு சதவீதத்துக்கே தனி ஸ்கேல் என்றால், நான்கு சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க முடியுமா?

ஒரே அளவுக்குள் என்றால் கைக்கு அடங்கும் வேலை. 1950 ஃபோர்டு எஃப்-1 வண்டியின் வீல்பேஸ் 114 அங்குலம். 1/25 அளவில் அதன் கேபினை செவ்ரோலே சேஸிஸ் மேல் உட்கார வைக்க, கேபினுக்குப் பின்னால் சட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் அறுத்தெடுத்து ஒட்டினால் போதும். அளவு மாறினாலும் சில பாகங்கள் பொறுத்துப் போகும். டயர், என்ஜின், டூல் பாக்ஸ் எல்லாம் நிஜத்திலேயே பல அளவில் உண்டு. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கதவு, ஸ்டீயரிங், சீட் ஆகியவை பொறுக்காது. மனித உடம்புக்கு ஏற்றவை என்பதால் கண் உடனே பிடித்துவிடும்.

ஒட்டும் முறையிலும் கவனம் வேண்டும். கிட் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனுக்குரிய பசை இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும். ரெசினில் வார்த்த பாகத்தை அது பிடிக்காது. அதற்கு ஃபெவிக்விக் வகைப் பசைதான். முதலில் மாஸ்கிங் டேப்பில் கட்டி நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒட்டி, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் அடிக்க வேண்டும். மறைந்துவிட்டதாக நினைத்த கோடெல்லாம் பிரைமரில் எழுந்து வரும். மறுபடி பட்டி. டிங்கரிங் பட்டறையில் நிஜக் காருக்கு நடக்கும் அதே சடங்கு.

இத்தனை உழைப்பும் இன்று பெரும்பாலும் அமெரிக்க வண்டிகளுக்கே போகிறது. அந்த வண்டிகளின் கிட் கிடைக்கிறது, அளவுகள் அச்சில் இருக்கின்றன. கொங்கு நாட்டில் பஞ்சுப் பொதியும் பம்புசெட்டும் சுமந்த பழைய ஜீப்புகளையும் வெட்டிக் கட்டிய கார்களையும் செய்ய நினைப்பவருக்கு, பாகங்களைவிட முதலில் தேவைப்படுவது அளவு. அப்படியொரு வண்டி உங்கள் தோட்டத்துச் சாளையில் நின்றால், பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு டேப்பை எடுங்கள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை, கேபின் உயரம், பெட்டியின் நீள அகலம் ஆகிய நான்கையும் அளந்து, பக்கவாட்டில் நேராக ஒரு படம் பிடித்து வையுங்கள். அரை மணி நேரம் கூட ஆகாது.